புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் வெளியீட்டுப் பதிவை வாசிப்பது எப்படி? மலையக மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களிலிருந்து மருத்துவம், பல் மருத்துவம், உயிரியல், ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய துறைகளில் பட்டம் பெற்று வெளிவரும் தமிழ் மாணவர்களில் சிலர், பட்டத்தோடு நின்றுவிடாமல் முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டம் என ஆய்வுப் பக்கம் திரும்புகிறார்கள். அவர்கள் எடுக்க வேண்டிய முதல் முடிவு, யாரை மேற்பார்வையாளராகக் கொள்வது என்பதாகும். வீட்டிலும் அயலிலும் ஆய்வு செய்தவர் எவரும் இல்லாதபோது விசாரிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. கண்ணில் படுவதெல்லாம் இணையப் பக்கத்தில் உள்ள ஓர் எண்ணும், பத்திரிகையில் வந்த ஒரு பாராட்டுச் செய்தியும்தான்.

இந்த வழிகாட்டி முதலில் அந்த மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. பாடசாலை விழாவுக்குப் பேச்சாளரைத் தேடும் ஆசிரியருக்கும், "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த விஞ்ஞானி" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்புவதா என்று தயங்கும் குடும்பத்துக்கும் இதே படிகள் பயன்படும். செய்ய வேண்டிய வரிசை முக்கியமானது: முதலில் ஆள், பிறகு பட்டியல், பிறகு கட்டுரைகள், கடைசியாகவே எண்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகத் தொடங்கி, எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

உதாரணங்களைக் கூடியவரை வாய்ப் புற்றுநோய்த் துறையிலிருந்தே எடுத்திருக்கிறேன். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகப் பதிவாகும் புற்றுநோய் அதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் தோட்டங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாக்கையே, புகையிலை சேராத நிலையிலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. நெடுங்காலம் நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடமாக இருந்த பேராதனைப் பீடம் நம் மலைகளின் நடுவிலேயே இருப்பதால், இத்துறையின் கணிசமான ஆய்வு இங்கிருந்தே வெளிவந்திருக்கிறது.

முதலாம் படி: ஆளைச் சரியாக அடையாளம் காணுதல்

இது எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் அதிகப் பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. உலக ஆய்வுத் தரவுத்தளங்கள் எல்லாம் ஒருவருக்குக் குடும்பப் பெயர் ஒன்றும் தனிப் பெயர் ஒன்றும் உண்டு என்ற எடுகோளின் மீது கட்டப்பட்டவை. நம்முடைய பெயர் முறையோ தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னால் வைப்பது. சஞ்சிகையின் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது ஒருவர் ஒரு முறை தந்தையின் பெயரையும், இன்னொரு முறை தம் சொந்தப் பெயரையும் அந்தக் கட்டத்தில் நிரப்பினால், அவருடைய கட்டுரைகள் இரு வேறு மனிதர்களின் பெயரில் பதிவாகிவிடும். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் பதிவு இதனால் பாதியாக உடைந்து கிடப்பது மிகச் சாதாரணம்.

சிங்களப் பெயர்களில் சிக்கல் வேறு விதமானது. அங்கே முதலெழுத்துகள் நான்கு, ஐந்து எனத் தொடரும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தரவுத்தளமோ குடும்பப் பெயருடன் இரண்டு முதலெழுத்துகளுக்கு மேல் காட்டுவதில்லை. வாய்ப் புற்றுநோய்த் துறையில் உலகறிந்த இலங்கையரான சமன் வர்ணகுலசூரியவின் பதிவை எடுத்துப் பாருங்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையில் அவருடைய பெயர் "வர்ணகுலசூரிய கே.ஏ." என்று உள்ளது, இலண்டன் கிங்ஸ் கல்லூரிக் காலத்தில், 2009இல் எழுதிய கட்டுரையில் "வர்ணகுலசூரிய எஸ்." என்று உள்ளது. பின்னைய வடிவத்தை மட்டும் தேடுபவர், இலங்கைக் கிராமங்களில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பரிசோதிக்கப் பயிற்சியளித்த அந்த முன்னோடிக் கட்டுரையைக் காணாமலே போய்விடுவார்.

எனவே ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதக்கூடுமோ அத்தனையையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு, ஒவ்வொரு வடிவத்திலும் கிடைக்கும் கட்டுரைகளில் நிறுவனம், துறை, இணையாசிரியர்கள் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பேராதனையில் வாய் நோய்க்குறியியல் ஆய்வு செய்பவருடைய பட்டியலில் திடீரென்று அணுப் பௌதிகக் கட்டுரை ஒன்று தலைகாட்டினால், அது பெயர் ஒற்றுமையால் புகுந்தது என்று கொள்ளலாம்.

2012 அக்டோபரில் தொடங்கிய ஓர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே உருவானது. அது இலவசம், ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண். கட்டுரையின் முதற்பக்கத்தில் ஆசிரியர் பெயருக்கு அருகே உள்ள சிறு பச்சை வட்டத்தைத் தொட்டால் அந்தப் பதிவு திறக்கும். ஆனால் அதில் உள்ள விவரங்களைப் பெரும்பாலும் ஆய்வாளரே நிரப்புகிறார் என்பதை மறக்கக் கூடாது. காலியாக உள்ள ஓர்கிட் பதிவு சோம்பலைக் காட்டுமேயன்றி ஆய்வின்மையைக் காட்டாது.

இரண்டாம் படி: எந்தத் தரவுத்தளத்தில் பார்க்கிறோம் என்பதை அறிதல்

புற்றுநோய் ஆய்வுக்குத் தொடக்க இடமாக நான் பரிந்துரைப்பது பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இத்தளம் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. மருத்துவச் சஞ்சிகைகளை மட்டுமே பெரும்பாலும் உள்ளடக்குவதால் தேவையற்றவை குறைவாகவே வரும். மேற்கோள் கணக்குக்கு, அதாவது ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை எடுத்தாண்டுள்ளன என்ற எண்ணிக்கைக்கு, அது போதாது. பட்டியலைத் தயாரிக்க அதுவே தகுந்தது.

2004இல் வந்த கூகுள் ஸ்கொலர் எல்லாவற்றையும் அள்ளிப் போடும் வலை. ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், அச்சுக்கு முந்தைய வரைவுகள், விரிவுரைக் குறிப்புகள் கூட அதில் கணக்கில் சேர்வதால், அங்கே காணப்படும் மேற்கோள் எண்ணிக்கை ஏனைய தளங்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதில் உள்ள தனிநபர் பக்கத்தை ஆய்வாளரே உருவாக்குகிறார். புதிய கட்டுரைகள் தானாகச் சேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் மற்றவர்களின் கட்டுரைகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. உரியவர் அவற்றை நீக்காவிட்டால் அப்படியே கிடக்கும். பெயருக்குக் கீழே, சரிபார்க்கப்பட்ட மின்னஞ்சல் எந்த நிறுவனத்தினுடையது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கோபஸும் வெப் ஒஃப் சயன்ஸும் சந்தா கட்டும் நிறுவனங்களுக்கு உரியவை. தாம் தெரிந்தெடுத்த சஞ்சிகைகளை மட்டுமே அவை கணக்கிடும். சந்தா இல்லாதவரும் ஸ்கோபஸில் ஆய்வாளரின் சுருக்கப் பக்கத்தை இலவசமாகப் பார்க்க முடியும். இலங்கைச் சஞ்சிகைகளில் பல இவ்விரண்டிலும் இல்லை என்பதால், நம் நாட்டு ஆய்வாளருக்கு இலங்கைச் சஞ்சிகைகள் இணையத் தளத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜர்னல் உள்ளிட்ட உள்நாட்டுச் சஞ்சிகைகள் பலவற்றின் இதழ்கள் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன.

எந்த எண்ணைக் குறித்துக்கொண்டாலும் தளத்தின் பெயரையும் பார்த்த திகதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவை இல்லாத எண்ணை வேறெந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

மூன்றாம் படி: பட்டியலை வகை பிரித்தல்

கட்டுரைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதைவிட, அவை ஒரே இனத்தவை அல்ல என்பதே இங்கு முதலில் தெரிய வேண்டியது. புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் பட்டியலில் மூல ஆய்வு, மருத்துவப் பரிசோதனை (ஒரு சிகிச்சையை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வு) முடிவு, மீளாய்வுக் கட்டுரை, தனி நோயாளி அறிக்கை, ஆசிரியருக்குக் கடிதம், மாநாட்டுச் சுருக்கம் எனப் பலவும் கலந்திருக்கும். 120 வெளியீடுகள் என்று பெருமையாகச் சொல்லப்படும் பட்டியலில் மூல ஆய்வு 15 மட்டுமே இருக்கக்கூடும்; மாறாக, 30 வெளியீடுகள் உள்ள ஒருவரிடம் 25 மூல ஆய்வுகள் இருக்கக்கூடும்.

மீளாய்வுக் கட்டுரைகள் இயல்பாகவே அதிக மேற்கோள் பெறுபவை. ஹனஹான், வைன்பர்க் இருவரும் புற்றுநோயின் அடையாளப் பண்புகளைத் தொகுத்து 2000இலும் 2011இலும் செல் சஞ்சிகையில் எழுதிய இரு கட்டுரைகள் பல்லாயிரம் முறை எடுத்தாளப்பட்டுள்ளன; இரண்டும் புதிய பரிசோதனையை அறிவித்தவை அல்ல, சிதறிக் கிடந்த அறிவை ஒழுங்குபடுத்தியவை. உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களைத் தரும் குளோபோகான் அறிக்கைகளும் அவ்வாறே. புற்றுநோய்க் கட்டுரை எழுதுபவர் எவரும் முதல் வாக்கியத்தில் "உலகில் ஆண்டுதோறும் இத்தனை பேர்" என்று தொடங்குவது வழக்கம் என்பதால், அந்த அறிக்கைகளின் மேற்கோள் எண்ணிக்கை வானளவு உயர்ந்துவிட்டது.

அடுத்து ஆசிரியர் வரிசை. மருத்துவ ஆய்வில் முதற்பெயர் பெரும்பாலும் வேலையின் முதன்மைப் பகுதியைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவருடையது. தொடர்புக்குரிய ஆசிரியர் இவர்களுள் ஒருவராக இருப்பார். நடுவில் உள்ளவர்களின் பங்கு பெருமளவு வேறுபடும். இப்போது பல சஞ்சிகைகள் கட்டுரையின் இறுதியில், உசாத்துணைப் பட்டியலுக்குச் சற்று முன், யார் என்ன செய்தார் என்பதை 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்து வெளியிடுகின்றன. மூன்று வரிகள்கூட இல்லாத அந்தப் பத்தியை வாசிக்காமல் கடந்து போகிறவர்களே அதிகம். "நிதி திரட்டல்" என்பதற்கு மட்டும் ஒருவருடைய பெயர் தொடர்ந்து வருமானால், அவர் ஆய்வுகூடத்தில் உங்களோடு நிற்கப் போவதில்லை என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சியாட்டில் நகரை மையமாகக் கொண்ட உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டு ஆய்வுகளில் ஆசிரியர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் செல்லும், சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டும். அத்தகைய கட்டுரைகள் சிலவற்றில் பெயர் இடம்பெற்றாலே ஒருவருடைய மேற்கோள் கணக்கு ஆயிரக்கணக்கில் ஏறிவிடுகிறது. அது தவறான செயலல்ல, உலகளாவிய தரவுக்கு உள்நாட்டு அறிவு தேவைதான். ஆயினும் அந்த எண்ணைத் தனிநபரின் ஆய்வுச் சாதனையாக எடுத்துக்கொள்வது பொருந்தாது. எனவே அவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள்.

மேற்பார்வையாளரைத் தேடும் மாணவருக்கு இந்தப் படியில் இன்னொரு பயன் உண்டு. அவர் கடைசி ஆசிரியராக உள்ள கட்டுரைகளில் முதலாசிரியர்கள் யார்? அவர்கள் அவருடைய மாணவர்களா? அவர்களுடைய பெயர்கள் அதன் பிறகும் ஆய்வுலகில் தொடர்கின்றனவா, அல்லது ஒரு கட்டுரையோடு மறைந்துவிடுகின்றனவா? கடைசியில் தரப்படும் எல்லாச் சுட்டெண்களையும்விட இந்த விசாரணைக்கே நான் அதிக எடை கொடுப்பேன். மாணவரை முதலாசிரியராக வைக்கும் பழக்கம் உள்ளவரா என்பது ஐந்து கட்டுரைகளைப் புரட்டினாலே விளங்கிவிடும்.

நான்காம் படி: மூன்று கட்டுரைகளை முழுமையாக வாசித்தல்

அவர் முதலாசிரியராக எழுதிய பழைய கட்டுரை ஒன்று, கடைசி ஆசிரியராக உள்ள அண்மைக் கட்டுரை ஒன்று, அதிகம் மேற்கோள் பெற்ற மூல ஆய்வு ஒன்று என மூன்றைத் தெரிவு செய்யுங்கள். முழுப் பிரதி கிடைக்காவிட்டால் பப்மெட் சென்ட்ரலிலும், அன்பேவோல் என்னும் இலவசக் கருவியிலும் தேடுங்கள். அங்கும் இல்லையெனில் ஆசிரியருக்கே எழுதிக் கேட்கலாம், பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் அனுப்புவார்கள்.

சுருக்கத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு முறையியல் பகுதிக்குப் போங்கள். தோட்டத் தொழிலாளர்களை உள்ளடக்கிய ஆய்வாக இருந்தால், மலையகத்தவரான உங்களுக்கு வேறெந்த வாசகருக்கும் இல்லாத ஒரு சாதகம் உண்டு. வினாக்கொத்து தமிழில் இருந்ததா? மொழிபெயர்க்கப்பட்டதாயின் அது சரிபார்க்கப்பட்டதா? ஒப்புதல் படிவம் எந்த மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது? தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்றதோடு விட்டார்களா, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் பெற்றார்களா? நேர்காணல் பிரட்டுக்களத்திலா, கொழுந்து நிறுக்கும் இடத்திலா, லயத்து வீட்டிலா நடந்தது? கங்காணி பக்கத்தில் நிற்கும்போது "நாளைக்கு எத்தனை தடவை வெற்றிலை போடுவீர்கள், புகையிலை சேர்ப்பீர்களா" என்று கேட்டால் கிடைக்கும் பதிலும், வீட்டுத் திண்ணையில் கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்க மாட்டா. இவற்றுக்கெல்லாம் முறையியலில் விடை எழுதி வைத்திருக்கும் ஆய்வாளர் கவனமானவர். இலங்கைப் புள்ளிவிவரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகள் பிரிக்கப்படுவது வழக்கம். மாதிரியில் தோட்டத் துறை தனியாகக் காட்டப்பட்டுள்ளதா, கிராமத்தோடு சேர்த்துக் கரைக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

மருத்துவப் பரிசோதனையாக இருந்தால், தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டதா என்று தேட வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவப் பரிசோதனைப் பதிவகம் உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்ட முதன்மைப் பதிவகங்களில் ஒன்று. அதை எவரும் திறந்து பார்க்கலாம். பதிவில் "இதை அளப்போம்" என்று எழுதியதும் கட்டுரையில் அளந்ததாகச் சொல்லப்படுவதும் வேறு வேறாக இருந்தால், காரணம் சொல்லப்பட்டுள்ளதா என்று தேடுங்கள்.

ஆய்வுகூடக் கட்டுரையில், குறிப்பாக மூலிகைச் சாறு புற்றுநோய் உயிரணுக்களைக் கொன்றது என்ற வகையில், பரிசோதனை எங்கே நடந்தது என்பதே முதற்கேள்வி. கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களை உப்பும் கொல்லும், சாராயமும் கொல்லும். தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதருக்கும் செல்லும் வழியில் பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன. வட்ஸ்அப் செய்திகள் அந்த முதற்கட்டத்தையே முடிந்த முடிவாகச் சொல்பவை. பயன்படுத்திய உயிரணு வரிசை (ஒரே மூலத்திலிருந்து ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் உயிரணுக்கள்) உண்மையில் அதுதான் என்று மரபணு அடையாளச் சோதனையால் உறுதி செய்யப்பட்டதா என்பதையும் கவனியுங்கள். 1951இல் எடுக்கப்பட்ட ஹீலா உயிரணுக்கள் வேறு பல வரிசைகளில் கலந்து அவற்றை ஆக்கிரமித்த வரலாறு இத்துறைக்கு உண்டு.

பெரிய சஞ்சிகையில் வந்துவிட்டதால் முடிவு உறுதியானது என்று எண்ண இடமில்லை. மருந்துக் கம்பனி ஒன்றில் பணியாற்றிய பெக்லி என்பவரும் எலிஸ் என்பவரும் 2012இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதியபடி, புற்றுநோய்த் துறையின் 53 முக்கிய ஆய்வுகளில் 6 மட்டுமே திரும்பச் செய்தபோது உறுதியாயின. பின்னர் நடந்த மீள்செய்கைத் திட்டம் ஒன்று 53 கட்டுரைகளிலிருந்து 193 பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய முயன்று, 23 கட்டுரைகளிலிருந்து 50 பரிசோதனைகளை மட்டுமே செய்து முடிக்க முடிந்தது என்று 2021 டிசம்பரில் அறிவித்தது. முறையியல் போதிய விவரத்தோடு எழுதப்படாததும், மூல ஆசிரியர்கள் சிலரின் ஒத்துழைப்புக் கிடைக்காததும் அதற்கான காரணங்களில் அடங்கும்.

ஐந்தாம் படி: சஞ்சிகையை நிறுத்துப் பார்த்தல்

தாக்கக் காரணி என்பது சஞ்சிகைக்குரிய எண், கட்டுரைக்கோ ஆளுக்கோ உரியதன்று. 2023இன் தாக்கக் காரணி வேண்டுமானால், 2021இலும் 2022இலும் வந்த கட்டுரைகள் 2023இல் பெற்ற மேற்கோள்களை எடுத்து, அவ்விரு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சில கட்டுரைகள் மட்டும் மிகுதியாக எடுத்தாளப்பட்டாலே சராசரி ஏறிவிடும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் மருத்துவர்களுக்கான சஞ்சிகையின் தாக்கக் காரணி 200ஐத் தாண்டி நிற்பதற்கு, ஆண்டுதோறும் அதில் வரும் புள்ளிவிவரக் கட்டுரைகளே முதற்காரணம். ஆளை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது.

காசு பறிக்கும் சஞ்சிகைகள் வேறு வகை. மின்னஞ்சலில் தாமே அழைப்பு அனுப்புவது, சில நாட்களிலேயே ஏற்றுக்கொள்வது, கட்டணத்தை ஏற்றபின் சொல்வது, பதிப்பாசிரியர் குழுவில் யார் என்று தெரியாமலிருப்பது ஆகியவை அவற்றின் அறிகுறிகள். பட்டியலில் ஒன்றிரண்டு இருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை, இளம் ஆய்வாளர்கள் எளிதில் மாட்டிக்கொள்வதுண்டு. பட்டியலின் பாதி அங்கேயே இருந்தால் அந்த ஆய்வகத்தைத் தவிர்ப்பதே நல்லது.

ஆறாம் படி: மீளப்பெறப்பட்ட கட்டுரைகளைத் தேடுதல்

இந்தப் படிக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் விடக் கூடாது. வெளியான பின் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்சன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் குரொஸ்ரெஃப் நிறுவனம் வாங்கி அனைவருக்கும் திறந்துவிட்டது. அங்கே பெயரைத் தேடுங்கள். பப்பியர் தளத்தில் கட்டுரைகளின் படங்கள், தரவுகள் பற்றிய விமர்சனங்கள் கிடைக்கும். அவை குற்றச்சாட்டுகள் மட்டுமே, தீர்ப்புகள் அல்ல.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி என்பவர் கட்டிகளின் மரபணுச் செயற்பாட்டைக் கொண்டு எந்தக் கீமோ மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என 2006இல் நேச்சர் மெடிசின் சஞ்சிகையில் எழுதினார். பேகர்லி, கூம்ஸ் என்ற இரு புள்ளிவிவர அறிஞர்கள் தரவுகளை வரிக்கு வரி சரிபார்த்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டிய பிறகும், அந்த முறையின் அடிப்படையில் நோயாளிகளுக்குப் பரிசோதனைகள் நடந்தன. கட்டுரை 2011இல் மீளப்பெறப்பட்டது. 2015இல் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் அவர் பொய்யான தரவுகளைச் சேர்த்தார் என்று முடிவு செய்தது. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்த எவரும் 2009இல் அவரை ஒளிரும் நட்சத்திரமாகவே கண்டிருப்பார்கள். 2017 ஏப்ரலில் டியூமர் பயாலஜி சஞ்சிகையிலிருந்து, பொய்யான சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்காக, ஒரே தடவையில் 107 கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன.

மீளப்பெறுதல் எல்லாம் மோசடி அல்ல. தம் பிழையைத் தாமே கண்டு திரும்பப் பெறும் ஆய்வாளரும் உண்டு. அவருக்கு மதிப்புக் கூட வேண்டும். அறிவிப்பின் வாசகத்தைப் படித்து, யார் கேட்டு மீளப்பெறப்பட்டது, என்ன காரணம் என்று பாருங்கள்.

ஏழாம் படி: எண்களை அளவோடு எடுத்துக்கொள்ளுதல்

கலிபோர்னியப் பௌதிகவியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச் சுட்டெண்ணைக் கையாலேயே கணக்கிடலாம். கற்பனையாக, ஒருவருடைய ஏழு கட்டுரைகள் முறையே 310, 42, 19, 11, 6, 4, 0 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று வையுங்கள். இறங்குவரிசையில் எண்ணிச் செல்லும்போது ஐந்தாவது கட்டுரைக்கு 6 உண்டு, அது 5க்குக் குறையவில்லை. ஆறாவதுக்கு 4 மட்டுமே உண்டு, அது 6க்குக் குறைவு. எனவே எச் சுட்டெண் 5. பத்து மேற்கோளுக்குக் குறையாதவை நான்கு என்பதால் கூகுள் காட்டும் ஐ10 சுட்டெண் 4. மொத்தம் 392 மேற்கோள்களில் 310 ஒரே கட்டுரையினுடையவை என்பதை இவ்விரு எண்களும் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையில் அவர் முதலாசிரியரா, நூற்றுக்கணக்கானவரில் ஒருவரா என்பதையும் சொல்லவில்லை.

எச் சுட்டெண் ஒருபோதும் இறங்காது, வயதோடு ஏறும். ஓய்வு பெற்ற பேராசிரியரோடு இளம் விரிவுரையாளரை அதனால் ஒப்பிடுவது அநியாயம். மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வாளரோடு வாய்ப் புற்றுநோய்ச் சமூக ஆய்வாளரை ஒப்பிடுவதும் அப்படித்தான். முன்னையதில் எழுதுபவர்களும் எடுத்தாள்பவர்களும் பல மடங்கு. இந்தத் துறை வேறுபாட்டைச் சீர்செய்ய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஐசைட் என்னும் இலவசக் கருவியில் சார்பு மேற்கோள் விகிதத்தைத் தருகின்றன. ஒரு கட்டுரையோடு சேர்த்து எடுத்தாளப்படும் பிற கட்டுரைகளை அதன் துறையாகக் கொண்டு, தம் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுத்தர நிலையை 1 என வைக்கிறது அக்கணக்கு. பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு இதைப் பார்க்கலாம்.

ஆண்டுதோறும் நம் பத்திரிகைகளில் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளுள் ஒருவர்" என்ற செய்தி வருகிறது. ஜோன் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் தரவைக் கொண்டு 2019 முதல் வெளியிடும் பட்டியல் அது. அதில் வாழ்நாள் பணிக்கு ஓர் அட்டவணையும், ஓராண்டு மேற்கோளுக்கு வேறோர் அட்டவணையும் உண்டு. செய்தி எதைக் குறிக்கிறது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. தரவு திறந்தே கிடப்பதால் நீங்களே இறக்கிப் பார்க்கலாம். தற்சுய மேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் தரவரிசை தரப்பட்டிருப்பது அதன் நல்ல அம்சம். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், அவரை அதிகம் எடுத்தாள்பவர் அவரே.

எட்டாம் படி: மேற்கோளுக்கு வெளியே உள்ள தாக்கம்

ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டியில் பப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையை 1983இல் கண்டறிந்தனர். தடுப்பூசி 2006இல் அனுமதி பெற்றது. அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2017இல் சேர்க்கப்பட்டு, ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே ஏற்றப்படுகிறது. மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ ஒரு மாணவியின் கையில் ஏறும் அந்த ஊசியை எந்தச் சுட்டெண்ணும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் அளவில் பார்க்க வேண்டியவை வேறு. அவருடைய ஆய்வு தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் வழிகாட்டல்களில் எடுத்தாளப்பட்டுள்ளதா? சர்வதேச முகவரகத்தின் தொகுதிகளில் சான்றாகச் சேர்க்கப்பட்டுள்ளதா? 2007இல் வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் வாயில் புற்றாக மாறக்கூடிய நிலைகளுக்குப் பரிந்துரைத்த பொதுப் பெயரீடு இன்று உலகெங்கும் பல் மருத்துவர்களின் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது. அதுவும் தாக்கம்தான். சமூக ஊடகப் பகிர்வுகளைக் கணக்கிடும் அளவீடுகள் கவனத்தைக் காட்டும், தரத்தைக் காட்டா; பரபரப்பான பிழைக்கும் அங்கே உயர்ந்த எண் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: ஒரு பக்கத்தில் எழுதி, மின்னஞ்சல் அனுப்புதல்

கண்டவற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் வாக்கியங்களாக எழுதுங்கள்: பெயர் வடிவங்கள், மூல ஆய்வுகளின் எண்ணிக்கை, அவற்றில் முதலாசிரியராகவும் கடைசி ஆசிரியராகவும் எத்தனை, வாசித்த மூன்று கட்டுரைகளின் வலுவும் குறையும், மீளப்பெறல் ஏதேனும் உண்டா, கடைசி வரியில் தளமும் திகதியும் சேர்த்த எண்கள். இரண்டு, மூன்று பேருக்கு இப்படி எழுதி அருகருகே வைத்தால் தெரிவு தானாகத் தெளியும்.

பிறகு அந்த ஆய்வாளருக்கு எழுதுங்கள். "தங்கள் ஆய்வுகளை வாசித்து வியந்தேன்" என்ற வாக்கியம் அவருக்குப் பழகிப்போன ஒன்று. "தங்கள் கட்டுரையில் தோட்டத் துறையினர் கிராமத்தவரோடு சேர்த்துப் பகுக்கப்பட்டுள்ளனர், தனியாகப் பகுத்தால் புகையிலை சேர்க்கும் பழக்கத்தில் வேறுபாடு தெரியுமா என்று அறிய விரும்புகிறேன், அந்தத் தரவில் அதற்கு இடமுண்டா, ஐயா?" என்று கேட்பவருக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். தமிழில் நேர்காணல் செய்யவும் தோட்டங்களில் தங்கித் தரவு திரட்டவும் உங்களால் முடியும் என்பதை ஒரு வரியில் சேருங்கள். வேறு விண்ணப்பதாரர் பலரிடம் அது இல்லை. அவருடைய முன்னாள் மாணவர் ஒருவருக்கும், முதலாசிரியராகக் கண்ட பெயரைக் கொண்டு, தனியாக எழுதி அனுபவத்தைக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையெனில் பட்டியலில் அடுத்த பெயருக்குச் செல்லுங்கள்.